பயணப் பெட்டியோடு மூட்டைப்பூச்சி வீட்டுக்கு வராமல் தடுப்பது எப்படி?

கேள்வி: அடுத்த மாதம் குடும்பத்துடன் நான்கு ஊர்களில் விடுதியெடுத்துத் தங்கவிருக்கிறோம். இப்படி ஒரு பயணம் போய்வந்த பிறகுதான் என் தங்கையின் வீட்டில் மூட்டைப்பூச்சி புகுந்து, மாதக்கணக்கில் அவதிப்பட்டார்கள். விலை உயர்ந்த விடுதியாகப் பார்த்துத் தங்கினால் இந்தத் தொல்லை இருக்காதா? பூச்சிக்கொல்லி ஸ்ப்ரே ஒன்றைக் கையோடு கொண்டுபோய்ப் படுக்கையில் அடித்துவிட்டால் போதுமா?

பதில்: இரண்டுமே பாதுகாப்பு தராது. மூட்டைப்பூச்சி அழுக்கைத் தேடி வருவதில்லை. உறங்குபவரின் மூச்சில் வெளிப்படும் கரியமில வாயுவும் உடற்சூடும் வாடையுமே அதை ஈர்க்கின்றன. ஆகவே ஆள் மாற்றி ஆள் வந்து தங்கும் எந்த அறைக்கும், அதன் வாடகை எவ்வளவாக இருந்தாலும், முன்பு தங்கியவரின் பெட்டியில் தொற்றிக்கொண்டு அது வந்திருக்கலாம். கடைகளில் கிடைக்கும் ஸ்ப்ரேக்களில் பெரும்பாலும் இருக்கும் பைரித்ராய்டு வகை மருந்துகளைத் தாங்கும் திறனை உலகின் பல பகுதிகளிலுள்ள மூட்டைப்பூச்சிகள் பெற்றுவிட்டன. மேலோட்டமாக அடிக்கும் மருந்து இடுக்குக்குள் இருக்கும் பூச்சியை எட்டுவதும் இல்லை. குழந்தைகள் முகம் புதைத்துப் படுக்கும் தலையணையில் அதை அடிப்பதை நான் ஒருபோதும் பரிந்துரைக்க மாட்டேன்.

கடிபடுவதைப் பற்றி அதிகம் அஞ்ச வேண்டாம். அரிப்பும் தடிப்பும் பெரும்பாலானோருக்கு ஓரிரு வாரங்களில் ஆறிவிடும். மூட்டைப்பூச்சிக் கடியால் மனிதருக்கு நோய் பரவுவதாக நிறுவப்படவில்லை. பூச்சி உங்கள் பெட்டிக்குள் ஏறுவதுதான் உண்மையான ஆபத்து. கருவுற்ற ஒரே ஒரு பெண் பூச்சி வீடு வந்து சேர்ந்தாலும் போதும்; அது நாளொன்றுக்கு ஒன்று முதல் ஐந்து முட்டைகள் வரை இடும், வெதுவெதுப்பான அறையில் அவை ஏறத்தாழ பத்து நாள்களுக்குள் பொரித்துவிடும்.

எனவே அறைக்குள் நுழைந்ததும் பெட்டியைக் கட்டிலின் மீதோ தரைவிரிப்பின் மீதோ வைக்காமல், குளியலறையின் ஓடு பதித்த தரையில் வையுங்கள். பிறகு கைபேசி விளக்கை ஏற்றிக்கொண்டு, மெத்தை விரிப்பைத் தலைமாட்டு மூலையிலிருந்து உருவி, மெத்தையின் ஓரத் தையலை விரலால் பிரித்துப் பாருங்கள். வளர்ந்த பூச்சி ஆப்பிள் விதை அளவில், செம்பழுப்பு நிறத்தில், தட்டையாக இருக்கும். அது கண்ணில் படாவிட்டாலும் அதன் தடயங்கள் படும். தையலையொட்டிக் கொத்தாகத் தெரியும் கரும்புள்ளிகள் அதன் கழிவு. ஈரத் துணியால் தேய்த்தால் அவை செம்பழுப்பாக இழுபடும், சாதாரணத் தூசி அப்படி இழுபடாது. வளரும் பூச்சி ஐந்து முறை தோல் உரிப்பதால், வெளிர்மஞ்சள் நிறக் கூடுகளும் ஒரு மில்லிமீட்டர் நீளமுள்ள வெள்ளை முட்டைகளும் அங்கேயே ஒட்டிக்கிடக்கலாம். மெத்தையோடு நிறுத்திவிடாதீர்கள்: தலைப்பலகைக்கும் சுவருக்கும் இடையிலுள்ள சந்து, கட்டில் சட்டங்கள் சேரும் இடம், பக்கத்து மேசையின் இழுப்பறை, சோபாவின் மடிப்பு ஆகியவற்றையும் பாருங்கள். ஓர் அட்டையின் விளிம்பு நுழையும் இடுக்கே அதற்குப் போதுமானது. இதற்கெல்லாம் பத்து நிமிடம் ஆகும். களைப்பாக வந்து இறங்கும் இரவில்தான் பலரும் இதைத் தவிர்த்துவிடுகிறார்கள், அன்றுதான் இது மிகவும் தேவை.

தடயம் தென்பட்டால் படம் எடுத்து நிர்வாகத்திடம் காட்டி வேறு அறை கேளுங்கள். சுவர் இடுக்குகள் வழியாகவும் மின்கம்பிக் குழாய்கள் வழியாகவும் பூச்சி நகரும் என்பதால், பக்கத்து அறையையும் நேர் மேலேயும் கீழேயும் உள்ள அறைகளையும் ஏற்காதீர்கள். புதிய அறையையும் அதேபோல் சோதியுங்கள்.

தங்கியிருக்கும் நாள்களில் பெட்டியைத் திறந்து போட வேண்டாம். உடுத்திய துணிகளில் இன்னும் கூடுதல் கவனம் தேவை. 2017-இல் இங்கிலாந்தின் ஷெஃபீல்டு பல்கலைக்கழக ஆய்வாளர்கள், துவைத்த துணிப் பைகளையும் உடுத்திய துணிப் பைகளையும் ஒரே அறையில் வைத்துப் பார்த்தபோது, உடுத்திய துணிகளில் ஏறக்குறைய இரண்டு மடங்கு பூச்சிகள் சேர்ந்திருந்தன. ஆள் இல்லாத நேரத்திலும் உடல் வாடை அவற்றை இழுக்கிறது. அழுக்குத் துணிகளைக் கட்டிலின் ஓரத்தில் குவிக்காமல், காற்றுப் புகாத பிளாஸ்டிக் பையில் போட்டு அன்றன்றே வாயைக் கட்டிவிடுங்கள்.

வீடு திரும்பியதும் பெட்டியைப் படுக்கையறைக்குள் கொண்டுபோகாதீர்கள். உடுத்தியவை, உடுத்தாதவை என்று பார்க்காமல் எல்லாத் துணிகளையும் 60 டிகிரி செல்சியஸ் வெந்நீரில் துவையுங்கள். டிரையர் இருந்தால் அதிகபட்ச வெப்பத்தில் அரைமணி நேரம் ஓட்டுங்கள், பூச்சியோடு முட்டையும் அழியும். வெயிலில் காயவைப்பதை மட்டும் நம்ப வேண்டாம், ஏனெனில் சூடு ஏறும்போது பூச்சி நிழலான மடிப்புக்குள் நகர்ந்துவிடும். துவைக்க முடியாத சிறு பொருள்களைப் பையில் கட்டி, −18 டிகிரி குளிர் தரும் ஃப்ரீசரில் நான்கு நாள் வைக்கலாம். பாச்சை உருண்டையால் பயன் இல்லை. காலிப் பெட்டியின் ஜிப் ஓரம், உட்துணி மடிப்பு, சக்கரக் குழி ஆகியவற்றை வேக்யூம் கிளீனரால் உறிஞ்சி, அதன் குப்பையை உடனே பையில் கட்டி வெளியேற்றுங்கள். பெட்டியைக் கட்டிலுக்கு அடியில் வைக்கும் பழக்கம் இருந்தால், தயவுசெய்து அதை விட்டுவிடுங்கள்.

கடித்த தடிப்பு சிலருக்கு இரண்டு வாரம் கழித்தே தெரியும், சிலருக்குத் தெரிவதே இல்லை. ஆகவே திரும்பிய பின் ஒன்றிரண்டு மாதங்களுக்கு, விரிப்பு மாற்றும்போதெல்லாம் உங்கள் மெத்தையின் தையலையும் பார்த்து வாருங்கள். பூச்சி ஒன்று அகப்பட்டால் அதை நசுக்காமல் ஒட்டும் டேப்பில் ஒட்டி, தேர்ந்த பூச்சிக் கட்டுப்பாட்டுப் பணியாளரிடம் காட்டுங்கள். அது மூட்டைப்பூச்சிதான் என்று அவர் உறுதிசெய்யும் முன் வீட்டில் எந்த மருந்தும் அடிக்க வேண்டாம்.