கேள்வி பதில்: பஸ்காப் பந்தியும் திருவிருந்தும்

கேள்வி: திருவிருந்து யூதருடைய பஸ்காவிலிருந்து பிறந்தது என்று பெரிய வியாழனன்று எங்கள் ஐயர் பிரசங்கித்தார். இன்று யூதர் வீடுகளில் நடக்கும் பஸ்கா விருந்தைத்தான் இயேசுவும் உண்டாரா? அதைப் போலவே எங்கள் சபையிலும் நடத்த வாலிபர் விரும்புகிறார்கள், நடத்தலாமா?
– ஒரு வாசகி, நாசரேத்

பதில்: ஐயர் சொன்னது சரியே, ஆனால் இன்றைய பஸ்கா விருந்தை அப்படியே இயேசு சீஷரோடு கடைசி இராப்போஜனம் உண்ட மேலறையில் வைத்துப் பார்ப்பது பொருந்தாது. இயேசுவின் காலத்தில் எருசலேம் ஆலயத்தில் அடிக்கப்பட்ட ஆட்டுக்குட்டியே, எகிப்திலிருந்து மீட்கப்பட்டதை நினைவுகூரும் பஸ்காவின் மையமாக இருந்தது. கி.பி. 70இல் ஆலயம் அழிந்தபின், பலியில்லாமல் வீட்டுப் பந்தியிலேயே பஸ்காவை ஆசரிக்கும் முறையை ரபீமார் என்னும் யூதப் போதகர்கள் வகுத்தார்கள். இன்றைய பஸ்காப் பந்தியில் பருகும் நான்கு திராட்சரசப் பாத்திரங்களைப் பற்றிய விதியே கி.பி. 200 அளவில் தொகுக்கப்பட்ட மிஷ்னா என்னும் யூதச் சட்டத் தொகுப்பில்தான் எழுத்தாக வருகிறது. மேலும், முதல் மூன்று சுவிசேஷங்கள் அந்த இராப்போஜனத்தைப் பஸ்காவாகக் காட்ட, யோவானோ பஸ்காவுக்கு ஆயத்தநாளிலேயே இயேசு சிலுவையில் அறையப்பட்டார் என்கிறார்.

திருவிருந்தின் வேர் பஸ்காவில் மட்டுமல்ல, யூதரின் அன்றாடப் பந்தியிலும் இருக்கிறது. அப்பத்தை எடுத்து, அதைப் பூமியிலிருந்து விளையச் செய்கிற தேவனைத் துதித்துப் பிட்டுக்கொடுப்பதும், உண்டு முடித்தபின் பாத்திரத்தோடு நன்றி செலுத்துவதும் அவர்கள் வழக்கம். பவுல் சொல்லும் ‘ஆசீர்வாதத்தின் பாத்திரம்’ என்னும் தொடர் அந்த வழக்கத்தைச் சேர்ந்ததே. ஆதிச்சபையின் ‘திதகே’ என்னும் நூலிலுள்ள திருவிருந்து ஜெபங்களும் அதே சாயலில் அமைந்து, வயிறார உண்டபின் நன்றி செலுத்தச் சொல்கின்றன. நம் ஊர் அசனத்தில் சபையார் ஒரே பந்தியில் அமர்ந்து உண்பதை அறிந்தவர்களுக்கு இது அந்நியமாகத் தோன்றாது.

‘என்னை நினைவுகூரும்படி’ என்ற கட்டளையையும் யூதச் செவியோடு கேட்க வேண்டும். எகிப்திலிருந்து தானே புறப்பட்டு வந்ததாக ஒவ்வொரு தலைமுறையிலும் ஒவ்வொருவனும் தன்னைக் கருத வேண்டும் என்கிறது மிஷ்னா. பழையதை மனத்தில் எண்ணிப் பார்ப்பதோடு நில்லாமல், அந்த மீட்பில் இன்று பங்குகொள்வதே அவர்களுக்கு நினைவுகூருதல். அதே சமயம், இரத்தத்தைப் புசிக்கலாகாது என்று லேவியராகமத்தில் கற்ற சீஷர்களிடம் ‘இது என் இரத்தம்’ என்று சொன்னது எவ்வளவு புதிதாக ஒலித்திருக்கும்! அந்தச் சொல், மோசே சீனாய் அடிவாரத்தில் ஜனங்கள்மேல் தெளித்த உடன்படிக்கையின் இரத்தத்தையே நினைவூட்டுகிறது.

யூதர் விருந்தைப் பார்த்து நடிப்பது எனக்கு உடன்பாடில்லை. அது உயிரோடு இருக்கும் ஒரு மக்களின் ஆசரிப்பு. அதே பஸ்கா வேளையில் ஐரோப்பியக் கிறிஸ்தவர்கள் அவர்கள்மேல் பொய்ப்பழி சுமத்திக் கொன்ற வரலாறும் உண்டு. யூதக் குடும்பம் ஒன்று விருந்துக்கு அழைத்தால் மகிழ்ச்சியோடு போகலாம். வாலிபரிடம், பெரிய வியாழனன்று யாத்திராகமம் 12ஆம் அதிகாரத்தை வாசித்து, 113 முதல் 118 வரையுள்ள சங்கீதங்களைப் பாடச் சொல்லுங்கள். இயேசுவும் சீஷரும் ஒலிவமலைக்குப் போகுமுன் பாடின ஸ்தோத்திரப்பாட்டு அவையே என்று பலர் கருதுகிறார்கள்.