டிராமும் நீதிபதியும் – கடிதம்

வணக்கம் ஐயா,

பட்டர்வொர்த் பக்கம் ஓர் இடைநிலைப்பள்ளியில் தமிழும் நன்னெறிக் கல்வியும் சொல்லிக்கொடுக்கிறேன். நான்காம் படிவப் பிள்ளைகளுக்குக் கொஞ்சம் தத்துவம் காட்டலாமென்று, தமிழ்மொழிக் கழகத்தில் யூடியூபில் பார்த்த டிராம் கணக்கைக் கொடுத்தேன். பிரேக் பிடிக்காத டிராம். நேரே போனால் ஐந்து பேர் சாவார்கள், திருப்பினால் ஒருவர். திருப்பலாமா? கை தூக்கினார்கள், கத்தினார்கள், சிரித்தார்கள். மணி அடித்ததும் போய்விட்டார்கள். மறுவாரம் கேட்டால் யாருக்கும் சொல்ல ஒன்றுமில்லை. இது தத்துவமா, பொழுதுபோக்கா? ‘எஸ்.பி.எம்.மில் (ஐந்தாம் படிவத்தின் அரசுத் தேர்வு) வருமா’ என்று சக ஆசிரியர்கள் கேட்கிறார்கள். பேச்சு மதத்தில் போய் நிற்குமோ என்ற பயமும் இருக்கிறது.

– பெயர் வெளியிட விரும்பாத ஆசிரியை, பினாங்கு

அன்புள்ள டீச்சர்,

பிள்ளைகள் மேல் தப்பில்லை. அந்தக் கணக்கைப் பாதியாக வெட்டித்தான் யூடியூப் உங்களிடம் கொடுத்திருக்கிறது.

பிலிப்பா ஃபுட் என்ற ஆங்கிலேயத் தத்துவவாதி 1967இல் இதை எழுதியபோது டிராம் தனியாக ஓடவில்லை. (அந்தக் கட்டுரையே கருக்கலைப்பைப் பற்றியது. டிராம் அதில் வந்துபோகும் ஓர் உதாரணம்தான்.) பக்கத்திலேயே ஒரு நீதிபதியை வைத்தார். குற்றவாளியைத் தண்டிக்காவிட்டால் ஊரில் ஒரு சாராரைப் பழிவாங்குவோம் என்று கும்பல் மிரட்டுகிறது. உண்மைக் குற்றவாளி யாரென்று தெரியாது; நிரபராதி ஒருவனைத் தூக்கில் போட்டால் பலர் பிழைப்பார்கள். டிராமைத் திருப்பச் சொன்னவர்களிலேயே பெரும்பாலோர் இங்கே கூடவே கூடாது என்பார்கள். இரண்டிலும் ஓர் உயிருக்குப் பல உயிர்தானே, அப்புறம் ஏன் ஒன்று சரி, மற்றது தப்பு? ஃபுட் கேட்டது இதைத்தான். ஒரே ஒரு சம்பவத்தைக் கொடுத்தால் வகுப்பில் வாக்கெடுப்புதான் நடக்கும். ஜோடியாகக் கொடுத்தால் காரணம் தேடியே ஆகவேண்டும்.

ஜோடிக்கு டிராமே வேண்டுமென்பதில்லை. ‘பொய்மையும் வாய்மை யிடத்த புரைதீர்ந்த நன்மை பயக்கும் எனின்’ என்கிறார் வள்ளுவர். கொலைகாரன் கதவைத் தட்டி, உன் நண்பன் உள்ளே இருக்கிறானா என்று கேட்டால்கூடப் பொய் சொல்லக்கூடாது என்று 1797இல் எழுதினார் ஜெர்மானியத் தத்துவவாதி கான்ட். வகுப்பறையின் ஒரு சுவர் வள்ளுவர், எதிர்ச்சுவர் கான்ட். இடையில் எங்கே வேண்டுமானாலும் நிற்கலாம். முதலில் கொலைகாரனை அனுப்புங்கள். அநேகமாக எல்லாரும் வள்ளுவர் பக்கம் ஓடுவார்கள். அடுத்து பாட்டி. அவருக்குப் புற்றுநோய், வீட்டில் எல்லாரும் மறைக்கிறார்கள், பாட்டி உன்னைத் தனியாகக் கூப்பிட்டு ‘டாக்டர் என்னய்யா சொன்னாரு’ என்று கேட்கிறார். இப்போது சிலர் நகர்வார்கள். நகர்ந்தவர்களை மட்டும் கேளுங்கள், ஏன் நகர்ந்தாய் என்று. ‘கொலைகாரனுக்கு உண்மையைக் கேட்க உரிமையில்லை, பாட்டிக்கு இருக்கு’ என்று ஒரு பிள்ளை சொல்லக்கூடும். அது பெஞ்சமின் கான்ஸ்டன் என்ற பிரெஞ்சுக்காரர் சொன்ன வாதம். கான்டின் கட்டுரையே அவருக்கு எழுதிய மறுப்புதான். அதை அப்புறம் சொல்லிக்கொள்ளலாம். முதலில் பிள்ளை சொல்லி முடிக்கட்டும்.

மதம் பற்றிய பயம் நியாயமானது. ஆனால் கோம்பாக்கிலுள்ள அனைத்துலக இஸ்லாமியப் பல்கலைக்கழகமே பள்ளிப் பிள்ளைகளுடனான தத்துவ உரையாடலை ‘ஹிக்மா’ (ஞானம்) என்ற பெயரில் வளர்த்து வருகிறது. நம்மிடம் மணிமேகலை இருக்கிறாள். வஞ்சி நகரில் ஒவ்வொரு சமயவாதியிடமும் போய்ப் பொறுமையாகக் கேட்கிறாள். கண்ணால் காண்பதைத் தவிர எதையும் ஏற்கமாட்டேன் என்ற பூதவாதியிடம் மட்டும் சிரித்துவிட்டு, உன் தாய்தந்தையை அனுமானத்தால் அல்லாமல் வேறெப்படி அறிவாய் என்று கேட்கிறாள். இதை வகுப்பில் போடுங்கள். ‘சூராட் பெரானாக் (பிறப்புப் பத்திரம்) இருக்கே டீச்சர்’ என்று உடனே பதில் வரும். அது கண்ணால் கண்டதா, பிறர் சொல்லா? அங்கிருந்து மூன்று மூலைகள்: காட்சி, அனுமானம், பிறர் சொல். ஆளுக்கொரு சீட்டு. அதில் இருப்பது உனக்கு எப்படித் தெரியும் என்று யோசித்து அந்த மூலைக்குப் போகவேண்டும். ‘தைப்பூசத்தில் ரதம் தண்ணீர்மலைக்குப் போகும்’, ‘ராத்திரி மழை பெய்திருக்கிறது’, ‘பூமி உருண்டை’. பூமிச் சீட்டுக்காரன் தெம்பாகக் காட்சி மூலைக்குப் போவான். எப்போது பார்த்தாய் என்று கேட்டால் படத்தில் என்பான். அவன் மூலை மாறும் அந்தச் சில அடிகளுக்குத்தான் இத்தனை ஏற்பாடும். யாருடைய சாமியையும் இழுக்க வேண்டியதில்லை.

எஸ்.பி.எம்.மில் வராது. வந்தால் மாதிரி விடையும் வந்துவிடும், கழகத்திலேயே இருக்கட்டும்.

கடைசி ஐந்து நிமிடம் எந்தக் காரணம் உன்னை நகர்த்தியது என்று இரண்டே வரி எழுதச் சொல்லுங்கள். கட்டுரை கேட்காதீர்கள்; முடிவுரையில் ‘ஆகவே மாணவர்களாகிய நாம்’ என்று ஆரம்பித்துவிடுவார்கள். அந்தத் தாள்களைத் திருத்த வேண்டாம். அடுத்த வாரம் அவற்றில் ஒன்றை எடுத்துப் பலகையில் எழுதி, அதை இடிக்கும் சம்பவம் ஒன்றைக் கொண்டுவரும்படி வகுப்பிடம் சொல்லுங்கள்.