ரைபிள் குழலை வீட்டிலேயே மாற்றலாமா?

கேள்வி: அப்பச்சி காலத்து .315 ரைபிள் ஒன்று, இஷாப்பூர் தொழிற்சாலையில் செய்தது, என் பெயரில் உரிமத்துடன் தேவகோட்டை வீட்டில் இருக்கிறது. அண்மையில் சுடுதளத்தில் சுட்டபோது குண்டுகள் ஓரிடத்தில் விழாமல் சிதறின. டெக்சாஸில் இருக்கும் மகன், அங்கே பலரும் வீட்டிலேயே குழலை மாற்றிக்கொள்கிறார்கள், ஊருக்கு வரும்போது ஒன்று வாங்கி வருகிறேன் என்கிறான். காரைக்குடியில் தெரிந்த லேத் பட்டறையில் கொடுத்துப் பொருத்திக்கொண்டால் செலவு குறையுமா?

பதில்: உங்கள் மகன் அங்குள்ள நிலவரத்தைச் சரியாகத்தான் சொல்கிறார். அமெரிக்க மத்திய அரசின் சட்டம் துப்பாக்கி என்று கணக்கில் கொள்வது போல்ட், அதாவது தோட்டாவை அறைக்குள் தள்ளிப் பூட்டும் தண்டு, அமரும் உடற்பகுதியைத்தான். குழல் அங்கே உதிரிப் பாகமாக விற்கிறது. நம் நாட்டின் 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டமோ, ஆயுதம் என்ற வரையறைக்குள் அதன் பாகங்களையும் சேர்த்திருக்கிறது. எனவே இறக்குமதி உரிமம் இல்லாமல் பெட்டியில் வைத்துக் கொண்டுவரும் குழல், விமான நிலையத்திலேயே வழக்காகிவிடும். அதை வாங்க வேண்டாம் என்று இன்றே அவருக்குச் சொல்லிவிடுங்கள். மேலும் அங்கே தயார் நிலையில் கிடைக்கும் குழல்கள் அங்கே புழங்கும் ரைபிள்களின் மரைக்கு ஏற்பச் செய்யப்பட்டவை. உங்களுடையதற்குப் பொருந்தும் என்று எண்ணுவதற்கில்லை.

பட்டறை யோசனையையும் விட்டுவிடுங்கள். நம் ஆயுதச் சட்டத்தின் 5ஆம் பிரிவின்படி துப்பாக்கியைப் பழுதுபார்ப்பதற்கும் சோதிப்பதற்கும் தனி உரிமம் வேண்டும். 2019ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பிறகு, இதை மீறுவோருக்குக் குறைந்தது 7 ஆண்டுச் சிறை, ஆயுள் வரையும் போகலாம். உங்களிடம் இருப்பது வைத்துக்கொள்வதற்கான உரிமம் மட்டுமே. பழகிய பட்டறைக்காரரை, அவர் எவ்வளவு கைத்திறன் உள்ளவராக இருந்தாலும், இதில் இழுத்துவிடுவது நியாயமில்லை.

சட்டம் இருக்கட்டும், வேலையைப் பாருங்கள். குழலைத் திருகிக் கழற்றிப் புதியதைத் திருகிவிட்டால் முடிந்தது என்று தோன்றும். உண்மையில், தோட்டா அறையில் உட்கார்ந்ததும் அதன் அடிக்கும் போல்ட்டின் முகத்துக்கும் நடுவே நிற்கும் இடைவெளி, அங்குலத்தில் ஆயிரத்தில் சில பங்குக்குள் அமைய வேண்டும். இடைவெளி மிகுந்தால் வெடிக்கும்போது பித்தளைக் கூடு பின்புறம் நீண்டு கிழிந்து, கொதிக்கும் வாயு சுடுபவரின் முகத்தை நோக்கி வரும்; குறைந்தால் போல்ட் பூட்டாது. இதைச் சரிபார்ப்பதற்கென்றே செய்த அளவுக் கட்டைகள் இரண்டு உண்டு: ஒன்றை வைத்தால் போல்ட் மூட வேண்டும், மற்றொன்றை வைத்தால் மூடக் கூடாது. அந்தக் கட்டைகள் இல்லாத இடத்தில் எவ்வளவு நல்ல லேத் இருந்தும் பயனில்லை.

ஆனால் குழல்தான் குற்றவாளி என்று யார் சொன்னது? செலவு செய்யும் முன் இதைத்தான் முதலில் தெரிந்துகொள்ள வேண்டும். துப்பாக்கி காலியாக இருப்பதை உறுதி செய்து, போல்ட்டைக் கழற்றிவிட்டு, பின்புறத்திலிருந்து குழலுக்குள் வெளிச்சத்தை நோக்கிப் பாருங்கள். உட்சுவரில் குண்டைச் சுழலவைக்கச் சுருளாக வெட்டிய வரிகளின் விளிம்பு கூர்மையாகத் தெரிந்தால் குழலுக்கு இன்னும் ஆயுள் இருக்கிறது. அறையை ஒட்டிய பகுதியில் வரிகள் மழுங்கியிருந்தாலோ, துருக்குழிகள் தெரிந்தாலோ ஐயப்படலாம். வாய்ப்பகுதியின் விளிம்பு நசுங்கியிருந்தாலும், தலைமுறையாக முன்புறத்திலிருந்தே கம்பி விட்டுத் துடைத்ததால் தேய்ந்திருந்தாலும் குறி சிதறும்; அதற்கு விளிம்பை மட்டும் சீர்செய்தால் போதும். பிடிமரத்தை உடலோடு இறுக்கும் திருகுகள் தளர்வது, மரம் வளைவது, குண்டுகள் உரசிக் குழலுக்குள் விட்டுச்சென்ற செம்புப் படிவு, பழைய தோட்டா ஆகியவையும் இதே வேலையைச் செய்யும். தோல் உறையிலேயே வைத்திருந்தால் அதை எடுத்துவிடுங்கள். ஐப்பசி, கார்த்திகை ஈரத்தைத் தோல் இழுத்து வைத்துக்கொண்டு இரும்பைத் துருவேற்றும்.

அதன் பிறகும் மாற்றித்தான் ஆக வேண்டும் என்றால், பழுதுபார்க்க உரிமம் பெற்றவரிடமே கொடுங்கள். விற்பதற்கு மட்டும் உரிமம் உள்ள கடைகளும் உண்டு என்பதால் உரிமத்தை வாங்கிப் பாருங்கள். நீங்களே எடுத்துச் செல்ல இயலாவிட்டால், உங்கள் எழுத்துமூல அனுமதியுடன் வேறொருவர் பழுதுபார்க்க எடுத்துச் செல்லச் சட்டம் இடம் தருகிறது. வேலை தொடங்குமுன் உரிமம் வழங்கிய அலுவலகத்துக்கும் எழுதித் தெரிவியுங்கள். மதிப்பீட்டில் குழல், கூலி, சோதனைச் சுடுதல் ஆகியவற்றைத் தனித்தனியே குறிக்கச் சொல்லுங்கள். பில்லில் துப்பாக்கியின் எண் இருக்கட்டும். கழற்றிய குழலும் ஆயுதப் பாகமே. காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருப் பழம்பொருள் கடைகளில் பித்தளை அண்டாவையும் எனாமல் தூக்கையும் விற்கலாம், இதை விற்கக் கூடாது. அது எங்கே போயிற்று என்பதற்கும் ஒரு தாள் வாங்கிக்கொள்ளுங்கள்.

கேள்வி: கானாடுகாத்தானில் எங்களிடம் உள்ள பழைய ஆங்கிலேய இரட்டைக் குழல் துப்பாக்கியில் ஒரு குழல் மட்டும் நசுங்கியிருக்கிறது. அதை மட்டும் மாற்ற முடியுமா?

பதில்: இரண்டு குழல்களும் ஒன்றாகப் பற்றவைக்கப்பட்டு, இரண்டின் குறியும் ஒரே இடத்தில் சேருமாறு அமைக்கப்பட்டவை. ஆகவே ஒன்றை மட்டும் கழற்றி மாற்றுவது நடைமுறையில் இல்லை. சிறு நசுங்கலை உரிமம் பெற்ற கைவினைஞர் உள்ளிருந்தே எழுப்பிவிடுவார். ஜோடியாக மாற்றும் செலவோ துப்பாக்கியின் மதிப்பையே தாண்டிவிடக்கூடும். கொடுக்கும்போது தோட்டா அறையின் நீளத்தையும் அளக்கச் சொல்லுங்கள். அக்காலத் துப்பாக்கிகள் பலவற்றில் அறை 65 மில்லிமீட்டர்; இன்று பரவலாக விற்கும் 70 மில்லிமீட்டர் தோட்டா, வாய் மடிந்திருப்பதால், அதில் நுழைந்துவிடும், ஆனால் வெடிக்கும்போது அந்த மடிப்பு விரிய இடமின்றி அழுத்தம் ஏறும். அளந்து முடியும் வரை அதில் எதையும் போட்டுச் சுட வேண்டாம்.