குழாயின் வாயில் கை வைக்காதீர்கள்

அன்புள்ள ஆசிரியருக்கு,

எங்கள் சபைக் கோயிலில் வெள்ளைக்காரர் காலத்துப் பைப் ஆர்கன் (குழாய்களுக்குள் காற்றை ஊதி ஒலிக்கும் பெரிய வாத்தியம்) ஒன்று வருடக்கணக்காகப் பூட்டிக் கிடக்கிறது. ஒரு காலத்தில் அதற்குத் துருத்தி அடித்தவர் என் அப்பா. விற்றுவிட்டு நல்ல கீபோர்டு வாங்கலாம் என்கிறது கமிட்டி. உள்ளூர் மெக்கானிக் ஒருவர் பெரிய புளோயர் (காற்றூதும் மோட்டார்) மாட்டி ‘சத்தத்தை ஏற்றிக் கொடுக்கிறேன்’ என்கிறார். பாரிஸ் நோத்ர் தாம் பேராலயத்து ஆர்கனைத் தீ விபத்துக்குப் பிறகு மீட்டார்களே, அங்கே முடிந்தது இங்கே முடியாதா? விற்பதா, அவரிடம் கொடுப்பதா?

(பெயர், ஊர் வேண்டாம்)

அன்புள்ள நண்பருக்கு,

அப்பாவை ஒரே வரியில் முடித்துவிட்டீர்களே. வாசித்தவரைத்தான் சபை திரும்பிப் பார்த்திருக்கும். மறைவில் நின்று துருத்திக் கட்டையை ஏற்றி இறக்கியவர் கொஞ்சம் ஓய்ந்தாலும் பாட்டு படுத்துவிடும். அவரைப் பற்றித் தனியாக எழுதி அனுப்புங்கள், போடுகிறேன்.

நோத்ர் தாமை விடுங்கள். 2019 ஏப்ரல் தீயில் அந்த ஆர்கன் எரியவில்லை, ஈயத்தூள் படிந்தது. ஏறக்குறைய 8,000 குழாய்களைக் கழற்றித் துடைத்து மாட்டி, கட்டட வேலைச் சத்தம் ஓய்ந்த இரவுகளில் சுருதி சேர்த்து, 2024 டிசம்பரில் வாசித்தார்கள். ஒரு நாடே பின்னால் நின்ற காரியம் அது. கீபோர்டு வாங்குவது கமிட்டியின் இஷ்டம்.

என் வயிற்றில் புளியைக் கரைப்பது அந்த மெக்கானிக்தான். ஏற்றிக் கொடுப்பாராம்! ஆர்கன் குழாயின் அடிப்பக்கம் புல்லாங்குழல் மாதிரி ஒரு வாய் இருக்கும். கீழிருந்து தகடுபோல் எழும் காற்று மேலுதட்டில் மோதித்தான் ஒலி பிறக்கிறது. (நாக்கு வைத்த குழாய்கள் வேறு ஜாதி.) இரண்டு உதடுகளுக்கும் நடுவே எவ்வளவு இடைவெளி என்பதுதான் அந்தக் குழாயின் குரல். காற்றழுத்தத்தைக் கூட்டினால் குழாய் கீச்சிடும். கீச்சை அடக்க மேலுதட்டைக் கொஞ்சம் வெட்டுவார்கள். கீச்சு நின்றுவிடும், கமிட்டி கைதட்டும். செய்தவன் கொடுத்த குரல் அன்றோடு போயிற்று. வெட்டின உலோகம் முளைக்குமா? ஐரோப்பாவில் எத்தனையோ பழைய ஆர்கன்களைக் கெடுத்தது, காலத்துக்கேற்ப மேம்படுத்துகிறேன் என்று வந்த நல்ல மனசுக்காரர்கள்தான்.

எங்கள் தாத்தாவின் ஹார்மோனியத்துக்கும் இதே கதிதான். சுருதி சேர்க்க வந்தவர் பித்தளை ரீடின் (காற்றில் அதிர்ந்து ஒலிக்கும் மெல்லிய நாக்கு) நுனியைச் சுரண்டினார். சுருதி கூடிப் போயிற்று. இறக்குவதற்கு அடியைச் சுரண்டினார். இப்படி மாறி மாறிச் சுரண்டி, நடு ஸ்தாயி ரீடுகள் காகிதமாய் மெலிந்து ஒவ்வொன்றாக ஒடிந்தன. கூலி வாங்கும்போது, “பழைய சரக்கு, இவ்வளவுதான் வரும்” என்றார். தாத்தா அவருக்குக் காப்பி கொடுத்து அனுப்பினார். எனக்கு இன்னும் ஆறவில்லை.

பிலிப்பைன்ஸில் லாஸ் பின்யாஸ் என்ற ஊரில் மூங்கில் ஆர்கன் ஒன்று இருக்கிறது. ஸ்பானியப் பாதிரியார் தியேகோ செரா 1816இல் தொடங்கி 1824இல் முடித்தது. பூச்சி அரிக்காமலிருக்க, வெட்டிய மூங்கிலைக் கடற்கரை மணலில் மாதக்கணக்கில் புதைத்து வைத்தார். 1,031 குழாய்களில் 902 மூங்கில். எக்காளக் குரலுக்கு மூங்கில் ஒத்துவராது என்று கண்டு அதை மட்டும் உலோகத்தில் செய்தார். பொருளோடு மல்லுக்கட்டாத மனிதர். பூகம்பமும் புயலும் அதைப் பாழாக்கிய பிறகு, 1973இல் ஜெர்மனியின் பான் நகரத்துக்கு, கிளைஸ் என்ற ஆர்கன் பட்டறைக்கு அனுப்பினார்கள். அங்கே முதலில் செய்தது என்ன தெரியுமா? ஓர் அறையை பிலிப்பைன்ஸ் புழுக்கத்துக்குக் கொண்டுவந்தார்கள். ஜெர்மனியின் காய்ந்த காற்றில் மூங்கில் வெடித்துவிடும் அல்லவா! 1975இல் ஊர் திரும்பிய ஆர்கன் இன்றும் வாசிக்கப்படுகிறது.

உங்கள் மெக்கானிக் புழுக்கத்தைப் பற்றி ஒரு வார்த்தை கேட்டாரா?

நீங்கள் கேட்டது வேறு, தெரிகிறது. விற்காதீர்கள். கொடுக்கவும் கொடுக்காதீர்கள். பூட்டியே கிடக்கட்டும், தப்பில்லை. மழைக்கு முன் கூரை ஓட்டைப் பாருங்கள், மரப்பெட்டியின் அடியில் கரையான் மண் இருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பாருங்கள். குழாய் ஒவ்வொன்றையும் நின்ற இடத்திலேயே போட்டோ எடுங்கள். கழற்றவேண்டி வந்தால் கையுறை போட்டு, மேலே எழுத்துப் பொறித்திருந்தால் அதை நோட்டில் குறித்து, வாயின் உயரத்தையும் அளந்து எழுதிவையுங்கள். கமிட்டி மறுபடி கூடினால் இந்தக் கடிதத்தைப் படித்துக் காட்டுங்கள். கோபப்பட்டால் என்மேல் படட்டும்.