தம்பிக்கு 6 கிலோ இறங்கியது, எனக்கு ஒன்றரைதான்: ஜீன் காரணமா?

கேள்வி: வயது 42. நானும் தம்பியும் நான்கு மாதமாகச் சேர்ந்தே நடக்கிறோம். ஞாயிறுதோறும் ஏற்காடு மலைப்பாதையில் சைக்கிள். அவனுக்கு 6 கிலோ இறங்கியது, எனக்கு ஒன்றரைதான். 51 வயதில் மாரடைப்பில் இறந்த அப்பாவின் உடல்வாகு எனக்கு. ஜீன் பரிசோதனை செய்யலாமா? நண்பர் சொல்லி, எடை குறைய தைராய்டு மாத்திரை சாப்பிடுகிறேன். முழங்கால் சொடக்கு, முடி கொட்டுதல், மேடேறும்போது நெஞ்சில் வாயுப் பிடிப்பும் உண்டு.
- வாசகர், அஸ்தம்பட்டி, சேலம்

பதில்: நீங்கள் கடைசியில் எழுதிய நெஞ்சு வாயுப் பிடிப்பைத்தான் நான் முதலில் எடுக்கிறேன். மேடேறினால் வந்து, நின்றால் சில நிமிடங்களில் விடுகிற நெஞ்சு இறுக்கத்தை, பரிசோதித்து இல்லையென்று தெரியும்வரை, இதய வலியாகவே எடுத்துக்கொள்ள வேண்டும். தந்தைக்கு 55 வயதுக்குள் மாரடைப்பு வந்திருப்பது அந்தச் சந்தேகத்தைக் கூட்டுகிறது. ஏற்காட்டின் 20 கொண்டை ஊசி வளைவுகளும் இப்போதைக்கு வேண்டாம். இந்த வாரமே இதய மருத்துவரைப் பாருங்கள். படுக்க வைத்து எடுக்கும் இசிஜி சரியாக இருந்தாலும் அத்துடன் திரும்பிவிடாதீர்கள்; உழைக்கும்போது மட்டும் தெரியும் அடைப்பு அதில் தவறிப்போகலாம். எக்கோ, டிரெட்மில் என அடுத்து எது தேவை என்று அவர் சொல்வார். சும்மா இருக்கும்போதே இறுக்கம் வந்தாலோ, வியர்வையுடன் தாடைக்கோ கைக்கோ பரவினாலோ, காத்திருக்காமல் 108-ஐ அழையுங்கள்.

தைராய்டு மாத்திரையை இன்றே நிறுத்துங்கள். சுரப்பி சரியாக இருப்பவருக்கு அது கொழுப்போடு தசையையும் கரைக்கும். இதயத்தை வேகமாக ஓடவைத்து, அடைப்பு இருந்தால் வலியைக் கிளப்பும். யாரோ சொன்னார் என்று இதை வாங்கி விழுங்குவதை என்னவென்று சொல்ல! மருத்துவரிடம் இதை மறைக்காதீர்கள். 6 வாரம் கழித்து டிஎஸ்எச் என்ற தைராய்டு ரத்தப் பரிசோதனை பாருங்கள். முடி கொட்டுவதற்கும் இந்த மாத்திரையே காரணமாகலாம். வலி, வீக்கம் இல்லாத முழங்கால் சொடக்கை மறந்துவிடுங்கள்.

ஜீனுக்குப் பங்கு உண்டு. 1994-இல் வெளியான கனடா ஆய்வொன்றில், 7 ஜோடி ஒரே கரு இரட்டையர்களுக்கு அளவு மாறாத சாப்பாடு கொடுத்து, 93 நாட்கள் சைக்கிள் மிதிக்க வைத்தார்கள். சராசரியாக 5 கிலோ இறங்கியது. ஆனால் ஒருவருக்கு 1, இன்னொருவருக்கு 8 என்று விரிந்தது. ஆனாலும் அந்தந்த ஜோடியின் இருவருக்குள் இழப்பு ஏறக்குறைய ஒத்திருந்தது. நீங்களும் தம்பியும் இரட்டையர் அல்ல. சராசரியாகப் பாதி ஜீன்தான் பொது. ஆக, வித்தியாசம் வந்ததில் அதிசயமில்லை. உடல் பருமனோடு தொடர்புள்ளது என்று இணையம் பயமுறுத்தும் எஃப்டிஓ ஜீனின் எடை கூட்டும் வகை, அப்பா அம்மா இருவரிடமிருந்தும் வந்து இரண்டு பிரதியாக இருந்தாலும் கூடுவது சராசரியாக 3 கிலோ. உடலை அசைப்பவர்களிடம் அதன் வேகமும் குறைகிறது. உங்கள் பயிற்சியையோ சாப்பாட்டையோ மாற்றும்படியாக எதையும் அந்தப் பரிசோதனை சொல்லப்போவதில்லை. பணத்தை வீணாக்காதீர்கள்.

தராசை விட்டு இஞ்ச் டேப்பை எடுங்கள். காலையில் வெறும் வயிற்றில், கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்பு மேல்விளிம்புக்கும் நடுவே, மூச்சை விட்டபின் அளக்க வேண்டும். நம் ஆண்களுக்கு 90 செ.மீ. எல்லை. வயிற்றை எக்கி அளந்தால் உங்களுக்குத்தான் நஷ்டம். எடை அசையாமல் இடுப்பு 3 செ.மீ. குறைந்தாலும் பயிற்சி வேலை செய்கிறது என்று பொருள். முக்கால் மணி நேர நடையில் கரைவது சுமார் 200 கலோரி. திரும்பும் வழியில் ஒரு தட்டுவடை செட்டும் சர்க்கரை போட்ட டீயும் போதும், கணக்கு நேராகிவிடும். இதய மருத்துவர் அனுமதித்த பிறகு வாரம் இரண்டு நாள் தசைப்பயிற்சி சேருங்கள்: நாற்காலியில் உட்கார்ந்து எழுவது, சுவரில் கையூன்றித் தள்ளுவது, பத்துப் பத்தாக மூன்று சுற்று. மூச்சை அடக்காதீர்கள்.

மருத்துவரிடம் போகும்போது தம்பியையும் கூட்டிப் போங்கள். 6 கிலோ இறங்கியதால் அவருக்கு அப்பா மாறிவிடவில்லை. ரத்த அழுத்தம், வெறும் வயிற்றுச் சர்க்கரை, கொலஸ்ட்ரால் மூன்றையும் அவரும் பார்த்துக்கொள்ளட்டும்.