மேடைச் சீன் துணி: கேட்டதும் சொன்னதும்

கோபிசெட்டிபாளையத்திலிருந்து ஒரு பள்ளி ஆசிரியை: ஆண்டு விழா நாடகத்துக்கு 20 அடி நீளம், 12 அடி உயரக் காடாத் துணியில் அரண்மனை சீன் வரைந்தோம். எமல்ஷனைக் கெட்டியாக இரண்டு கோட் அடித்தோம். மடித்துப் பீரோவில் வைத்து ஆறு மாதம் கழித்துப் பிரித்தால், மடிப்பெல்லாம் வெடித்துச் செதில் செதிலாக உதிர்கிறது. துணி சரியில்லைங்களா, பெயிண்ட் சரியில்லைங்களா?

இரண்டின் மேலும் குற்றமில்லைங்க. பசை கட்டாமல் (முதலில் பசைநீர் பூசிக் காயவிடாமல்) அடித்ததும், கெட்டியாக அடித்ததும், மடித்ததும்தான் கோளாறு.

பல்லடம், சோமனூர்த் தறிகளில் இறங்கும் காடாவில், பாவு நூலுக்கு (நெடுக்கு நூலுக்கு) ஏற்றிய கஞ்சி அப்படியே இருக்கும். பெயிண்ட் நூலுக்குள் இறங்காமல் மேலாகப் படலம் கட்டி நிற்கும். மடித்தால் முறிவது அந்தப் படலம்தான். ஆகவே துணியை ஓர் இரவு ஊறவைத்து, அலசிக் காயப்போடுங்கள். கஞ்சியும் போகும், சுருங்க வேண்டியதும் அப்போதே சுருங்கிவிடும். 20 அடிக்கு ஓரடி, ஒன்றரை அடி கூடுதலாக வாங்குவது அதற்காகத்தான். துணிகளை இணைக்கும் தையல் கிடைவாக்கில் வரட்டும். தொங்கும்போது துணியின் எடையே தையலை இழுத்து நிமிர்த்திவிடும். நெடுக்குத் தையல் சுருக்கம் காட்டும்.

ரீப்பர் சட்டத்தில் முதலில் மேல்பக்கம், அடுத்து கீழ்ப்பக்கம், கடைசியாக இரு ஓரங்கள் என்று ஆணி அடியுங்கள். முரசுத் தோல் மாதிரி இழுக்க வேண்டாம். நனைந்ததும் அதுவே இறுகும். ஏற்கெனவே இறுக்கியிருந்தால் சட்டம் கோணும்.

பசைநீருக்கு 6 லிட்டர் தண்ணீர், மரவேலைக்கு வாங்கும் வெள்ளைப் பசை 600 கிராம், சாக் பவுடர் 300 கிராம். அகலப் பிரஷால் பூசிக் காயவிட்டு, ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டுப் பாருங்கள். சொட்டு சற்று நின்று மெதுவாக இறங்கினால் சரி. விழுந்ததும் உறிஞ்சினால் இன்னொரு பூச்சு வேண்டும். உருண்டு ஓடினால் பசை கூடிப்போச்சு. துணி அப்பளமாக மொடமொடக்கும், விளக்கு பட்டால் பளபளக்கும்.

பெயிண்ட் மோர்ப் பதத்தில் இருக்கட்டும். மேட் எமல்ஷன் ஒரு பங்குக்குத் தண்ணீர் ஒரு பங்கு. 240 சதுர அடிக்கு அடிப்பூச்சு 2 லிட்டர் பெயிண்ட் தாராளம். ஆடிக் காற்றில் வெளியே வைத்துப் பூசாதீர்கள். பாலக்காட்டுக் கணவாய் வழியாக வரும் காற்று ஒரு மூலையை முடிப்பதற்குள் மறு மூலையைக் காயவைத்துவிடும். சேருமிடமெல்லாம் திட்டுத் திட்டாகக் கறை நிற்கும்.

முடிந்ததும் மடிக்காதீர்கள். 20 அடி பி.வி.சி. பைப் கடையிலேயே கிடைக்கும். 4 அங்குலத்துக்குக் குறையாத பைப்பில், வண்ணப் பக்கம் வெளியே இருக்கச் சுற்றி, மேலே பழைய பெட்ஷீட் போர்த்தி வையுங்கள்.

வெடித்த துணியின் பின்பக்கம் பசைநீர் பூசினால் உதிர்வது குறையும், வெடிப்பு மறையாது. அடுத்த நாடகத்தில் பாழடைந்த கோட்டை வந்தால் செலவில்லாமல் வேலை முடிந்தது!

தாராபுரம் நாடகக் குழுவினர்: அண்ணன்மார் (பொன்னர் - சங்கர்) கதைக்கு மலையும் தென்னந்தோப்பும் வரைந்தோம். பகலில் நன்றாக இருந்தது. ராத்திரி சிவப்பு விளக்குப் போட்டதும் தோப்பு கருப்பாகிவிட்டது. மலையும் நடிகர்கள் தலைமேல் உட்கார்ந்த மாதிரி தெரிகிறது.

பச்சை வண்ணம் பச்சை ஒளியைத்தான் திருப்பித் தரும். சிவப்பு விளக்கில் பச்சையே இல்லாதபோது திருப்பித் தர ஒன்றுமில்லை, கருப்பாகத்தான் நிற்கும். தோப்பின் மேல் மூன்று வண்ணம் தெளியுங்கள்: இளம்பச்சை, கரும்பச்சை, காவி. பிரஷைத் தோய்த்து நன்றாகப் பிழிந்து, ஒரு கை தூரத்தில் நின்று, குச்சியில் தட்டினால் மிளகளவு புள்ளிகள் விழும். பிழியாமல் தட்டினால் சொட்டு வழிந்து கோடாகும். 30 அடி தள்ளி உட்கார்ந்தவருக்குப் புள்ளி தெரியாது, இலைக்கு உயிர் வந்தது மட்டும் தெரியும். சிவப்பு ஒளி காவியைப் பிடித்துக்கொள்ளும். வண்ணம் கலக்கும்போதே ஒரு துண்டுத் துணியில் பூசிக் காயவைத்து, நிகழ்ச்சி விளக்கில் காட்டிப் பார்த்துவிடுங்கள்.

மலைக்கு: விடியற்காலையில் ஊருக்குத் தெற்கே பாருங்கள். பழனி மலைத்தொடர் பச்சையாகவா தெரிகிறது? சாம்பல் கலந்த நீலம். தூரம் போகப்போக நிறம் வெளுக்கும், ஓரமும் மங்கும். மலைக்குக் கருப்புக் கோடு போட்டால் பக்கத்தில் வந்துவிடும். அடிவானக் கோட்டை மேடைத் தளத்திலிருந்து 5 அடியில் நூல் போட்டு வைத்து, முகட்டை 7 அடிக்கு மேல் விடாதீர்கள். நடிகர்கள் துணியிலிருந்து 4 அடி தள்ளியே நிற்கட்டும். ஒட்டி நின்றால் தென்னையைவிட சங்கர் உயரமாகிவிடுவார், நிழலும் வானத்தில் விழும்.

காங்கயம் வாசகர்: தெர்மாகோல் கிரீடத்துக்குத் தங்க ஸ்ப்ரே அடித்தோம். குழி குழியாகக் கரைந்துவிட்டது.

ஸ்ப்ரேயிலுள்ள கரைப்பான் தெர்மாகோலைத் தின்றுவிடும். பனியன் வேஸ்ட்டைச் சிறு துண்டாக வெட்டி, பசையும் தண்ணீரும் சரிபாதி கலந்த கலவையில் நனைத்து இரண்டு அடுக்கு ஒட்டுங்கள். ஒரு நாள் காயட்டும். அதன்மேல் காவி கலந்த மஞ்சள், பிறகு தண்ணீரில் கரையும் தங்க வண்ணம். கடைசியில் நீர்த்த கரும்பழுப்பைப் பூசி உடனே துணியால் துடைத்தால், பள்ளத்தில் மட்டும் தங்கி வேலைப்பாடு எடுப்பாகும். வெறும் தங்கம் விளக்கில் தட்டையாகத்தான் தெரியும்.

பவானி வாசகி: கற்பூர ஆரத்திக் காட்சி வருகிறது. சீன் துணியில் தீப்பிடிக்காமலிருக்க வழி உண்டா?

பருத்தித் துணி என்றால் உண்டு. ஒரு லிட்டர் வெந்நீருக்கு வெண்காரம் (போராக்ஸ்) 70 கிராம், போரிக் அமிலம் 30 கிராம் கரைத்து, அலசிக் காய்ந்த துணியைப் பசை கட்டுவதற்கு முன்பே முழுதாக நனைத்துக் காயவையுங்கள். கையுறை போட்டுக்கொள்ளுங்கள். அதே துணியில் ஒரு துண்டை வெளியில் வைத்து, 12 விநாடி தீக்குச்சி காட்டுங்கள். குச்சியை எடுத்ததும் அணைந்துவிட வேண்டும், கங்கும் ஓடக்கூடாது. பாலியஸ்டர் கலந்த துணிக்கு இது உதவாது. மழையில் நனைந்தாலும் மருந்து போய்விடும். இவ்வளவு செய்தாலும் கற்பூரத்துக்குப் பதில் பேட்டரி விளக்கை வைத்துக்கொள்ளுங்கள்.