பிடிக்காவிட்டால் சீசன் டிக்கெட் வாங்காமல் இருந்துவிடலாமே, கால்பந்து ரசிகர்கள் ஏன் இவ்வளவு கொதிக்கிறார்கள்?

இங்கிலாந்துக் கிளப்புகள் சீசன் டிக்கெட் (தங்கள் மைதானத்தில் ஒரு சீசன் முழுக்க ஆட்டம் பார்ப்பதற்கான டிக்கெட்) விலையை ஏற்றும்போதெல்லாம் ரசிகர்கள் பதாகை தூக்குகிறார்களே, கட்டுப்படியாகாதவர்கள் வீட்டிலிருந்தே பார்த்துக்கொண்டால் என்ன என்று கேட்டிருக்கிறீர்கள். கேள்வியைப் படித்தால், நீங்கள் கைபேசியில் ஆட்டம் பார்த்து வளர்ந்தவர் என்று தோன்றுகிறது. அதில் ஒரு தவறும் இல்லை. இங்கிலாந்து ஆட்டங்களை நானும் தொலைக்காட்சியில்தான் பார்க்கிறேன். ஆனால் சீசன் டிக்கெட் விலையை ஏற்றிய ஒரு குழுவில் நான் பொருளாளராக இருந்திருக்கிறேன். ஏற்றலாம் என்று முதலில் சொன்னவனும் நான்தான். அதனால் இந்தக் கேள்வியைப் பார்த்துவிட்டுச் சும்மா போக முடியவில்லை.

எங்கள் ஊர் மன்னார்குடிக்குப் பக்கம். ஊர்ப் பெயர் வேண்டாம், குழுவில் இருந்தவர்கள் இன்றும் என் நண்பர்கள். சீசன் டிக்கெட் என்றால் எங்கள் பக்கத்தில் யாருக்கும் முதலில் ரயில் பாஸ்தான் நினைவுக்கு வரும். மே மாதத்தில் மட்டும் அதற்கு வேறு பொருள் உண்டு. சம்பா அறுத்து, உளுந்தும் பயறும் எடுத்து முடித்து, மேட்டூர் அணை திறக்கும் வரைக்கும் வயலில் வேலை இருக்காது. அந்த இடைவெளியில் பள்ளி மைதானத்தில் பன்னிரண்டு இரவுகள் மின்னொளி எழுவர் கால்பந்துப் போட்டி நடக்கும். சவுக்குக் கம்பு நட்டுப் பலகை அடித்த கேலரி, சுற்றிலும் கீற்றுத் தட்டி. காரைக்கால், திருச்சி, சென்னை, கேரளம் என்று பல இடங்களிலிருந்து அணிகள் வரும்.

பன்னிரண்டு நாளுக்கும் சேர்த்து ஒரே அட்டை. வெளிர்மஞ்சள் நிறத்தில் பன்னிரண்டு கட்டங்கள் போட்டு, குழுவின் முத்திரை குத்தியிருப்போம். ஒவ்வோர் இரவும் வாசலில் ஒரு கட்டத்தில் ஓட்டை போடுவார்கள். ஓய்வுபெற்ற பஸ் கண்டக்டர் ஒருவர் டிக்கெட்டில் ஓட்டை போடும் தம்முடைய பழைய கருவியையே கொண்டுவந்து அந்த வேலையைச் செய்வார். 2014 வரை அட்டையின் விலை 150 ரூபாய்.

செலவு ஏறிக்கொண்டே போனது. கேரள அணிகளில் ஆப்பிரிக்க வீரர்கள் ஆடத் தொடங்கியிருந்தார்கள். அவர்கள் வருகிறார்கள் என்று சுவரொட்டியில் போட்டால்தான் கூட்டம் வரும், போட்டால் அந்த அணி கேட்கும் தொகையைக் கொடுத்தாக வேண்டும். அதோடு ஜெனரேட்டர், விளக்கு, நடுவர்களுக்குப் படி, அணிகளுக்குச் சாப்பாடு. இதை முன்கூட்டியே சொல்கிறேன், ஏனென்றால் "கிளப் நடத்தச் செலவு ஆகாதா" என்று கீழே யாராவது கட்டாயம் கேட்பார்கள். ஆகும். நோட்டில் எழுதியவன் நான், எனக்குத் தெரியும். விலையே ஏறக்கூடாது என்று நான் சொல்லவரவில்லை. யாரிடம் வாங்குகிறோம், எவ்வளவு வாங்குகிறோம், வாங்குவதற்குமுன் அவரிடம் ஒரு வார்த்தை கேட்டோமா என்பதைப் பற்றித்தான் சொல்லவருகிறேன்.

2015-இல் அட்டை விலையை 400 ஆக்கினோம். ஒரே தாவலாக. கேலரிக்கு முன்னால் நாற்காலி போட்டுத் தனி வரிசை ஒன்றும் வைத்தோம்.

கொள்முதல் நிலையத்தில் மூட்டை தூக்கும் பெரியவர் ஒருவர் உண்டு. உறவு இல்லை, ஆனாலும் ஊரே அவரை மாமா என்று கூப்பிடும், அவரும் எங்களை மாப்பிள்ளை என்பார். ஒவ்வொரு வருடமும் முதல் அட்டையை வாங்குவது அவர்தான். கிழக்கு கேலரியில் மேலிருந்து மூன்றாவது படி, ஓரத்துச் சவுக்குக் கம்பில் முதுகைச் சாய்த்து உட்காருவார். பந்து இந்தப் பக்கம் வரும் முன்பே "இடதுபக்கம் ஆள் இல்லை, இடதுபக்கம் ஆள் இல்லை" என்று குரல் கொடுப்பார். எங்கள் அணிப் பையன்கள் அந்தக் குரலைக் கேட்டுத் திரும்பி ஓடியதை நான் பார்த்திருக்கிறேன். அவரைச் சுற்றி இருபது பேர் இருப்பார்கள். கேலரியில் எழும் சத்தம் முக்கால்வாசி அந்தப் படியிலிருந்துதான்.

அந்த வருடமும் வந்தார். தமக்கும் பேரனுக்குமாக முந்நூறு ரூபாயை ஐம்பதும் பத்துமாக அடுக்கி எடுத்துவந்திருந்தார். நான் விலையைச் சொன்னேன். அவர் கோபப்படவில்லை. நோட்டுகளை ஒருமுறை பார்த்தார், மறுபடி எண்ணினார். எண்ணினால் கூடிவிடும் என்று நினைத்தாரோ என்னவோ. "சரி மாப்பிள்ளை, பைனலுக்கு மட்டும் வருகிறேன்" என்று மடியில் முடிந்துகொண்டு போனார். பைனலுக்கும் வரவில்லை.

முந்தைய வருடம் ஏறக்குறைய 400 அட்டை விற்று 60,000 ரூபாய் வந்திருந்தது. 2015-இல் 190 அட்டைதான் போனது, ஆனால் வசூல் 76,000. கூட்டத்தில் எனக்குக் கைதட்டினார்கள். அன்றைக்கு நானும் சரியாகத்தான் செய்தோம் என்று நம்பினேன். ஆனால் ஆரம்பச் சுற்று இரவுகளில் கிழக்கு கேலரியில் பலகைதான் தெரிந்தது. நாற்காலி வரிசையில் உட்கார்ந்தவர்கள் நல்லவர்கள்தான், அவர்களைக் குறை சொல்லவில்லை. அவர்கள் பேசிக்கொண்டே பார்த்தார்கள், பாதியில் எழுந்து போனார்கள். எங்கள் பையன்கள் தடுமாறியபோது குரல் கொடுக்க ஆள் இல்லை.

2016 பிப்ரவரி 6, சனிக்கிழமை இரவு, அக்கா மகனோடு லிவர்பூல்–சண்டர்லேண்ட் ஆட்டம் பார்த்துக்கொண்டிருந்தேன். அடுத்த சீசனுக்குப் புதிய ஸ்டாண்டில் (பார்வையாளர் பகுதியில்) ஓர் ஆட்டத்துக்கான உச்ச விலை டிக்கெட் 77 பவுண்டு என்றும், சில சீசன் டிக்கெட்டுகள் 1,000 பவுண்டைத் தாண்டும் என்றும் லிவர்பூல் கிளப் அந்த வாரம்தான் அறிவித்திருந்தது. லிவர்பூல் 2–0 என்று முன்னிலையில் இருந்தது. 77-ஆவது நிமிடத்தில் கேமரா மைதானத்தைவிட்டு ஸ்டாண்டுக்குப் போனது. அந்த 77 பவுண்டைக் கண்டித்து, அதே எண்ணுள்ள நிமிடத்தில் மக்கள் எழுந்து வரிசையாக வெளியேறிக்கொண்டிருந்தார்கள். ஏறக்குறைய பத்தாயிரம் பேர். வென்றுகொண்டிருக்கும் தங்கள் அணியை விட்டுவிட்டுப் போனார்கள். அதன் பிறகு சண்டர்லேண்ட் இரண்டு கோல் போட்டு 2–2 ஆக முடிந்தது. அக்கா மகன், "இவர்கள் போனதால்தான் மாமா" என்று கத்தினான். எனக்கு அப்போது அந்த மூன்றாவது படிதான் கண்முன் வந்தது.

நான்கே நாளில் உரிமையாளர்கள் மன்னிப்புக் கேட்டு, அந்த விலையை எடுத்துவிட்டு, இரண்டு சீசன்களுக்கு விலையைக் கூட்டுவதில்லை என்று அறிவித்தார்கள். அடுத்த மாதமே, இங்கிலாந்தின் முதல்நிலைத் தொடரான பிரீமியர் லீக்கின் கிளப்புகள் வெளியூர் ரசிகர்களுக்கான டிக்கெட்டுக்கு 30 பவுண்டு உச்சவரம்பு வைத்தன. அதைப் பலமுறை நீட்டித்தும் இருக்கிறார்கள்.

உங்கள் கேள்விக்கு இங்கேதான் பதில் இருக்கிறது. "பிடிக்காவிட்டால் வாங்காதே" என்பது மளிகைக் கடைக்குப் பொருந்தும். லிவர்பூல் போன்ற கிளப்பில் சீசன் டிக்கெட்டுக்கு வருடக்கணக்கில் காத்திருப்போர் பட்டியல் இருக்கிறது. ஒருவர் விட்டால் அடுத்த நிமிடம் இன்னொருவர் வாங்கிவிடுவார். கிளப்புக்கு ஒரு பைசா நட்டமில்லை. போனவருக்குத்தான் முப்பது வருட இடமும், பக்கத்து இருக்கைக்காரர்களும் போய்விடுகிறார்கள். அவர் எதிரணிக்கு மாறி அங்கே கைதட்டவும் முடியாது. அவர் கையில் இருப்பது தம்முடைய குரல் ஒன்றுதான். அன்று லிவர்பூல் ரசிகர்கள் அதைத்தான் நிறுத்திக் காட்டினார்கள்.

அந்தக் குரலுக்கு என்ன மதிப்பு என்று கேட்டால், 2020 ஜூனை நினைத்துப் பாருங்கள். கொரோனா காலத்தில் ஆளில்லாத மைதானங்களில் ஆட்டம் நடந்தபோது, ஒளிபரப்பில் பதிவுசெய்த கூட்டச் சத்தத்தைச் சேர்த்துப் போட்டார்கள். வெறும் ஆட்டத்தைக் காட்டினால் பார்க்கமாட்டார்கள் என்று அவர்களுக்கே தெரிந்திருந்தது. பிரீமியர் லீக்கின் பெரிய வருமானம் தொலைக்காட்சியிலிருந்து வருகிறது. அந்தத் தொலைக்காட்சியில் விற்கும் சரக்கில் பாதி கேலரியின் சத்தம். சத்தம் போடுகிறவரிடமே மேலும் மேலும் காசு கேட்பது என்ன நியாயம்?

1989 ஏப்ரல் 15 அன்று இங்கிலாந்தின் ஹில்ஸ்பரோ மைதானத்தில் நின்று பார்த்தவர்கள் நெரிசலில் சிக்கியதில் 97 உயிர்கள் போயின. அதை விசாரித்த நீதிபதி டெய்லர் 1990-இல் தந்த அறிக்கையில், பெரிய மைதானங்களில் எல்லோருக்கும் இருக்கை வேண்டும் என்றார். அதை வைத்துத்தான் விலையை ஏற்றினார்கள். ஆனால் நின்று பார்த்தவர்கள் கொடுக்கக்கூடிய விலையில் இருக்கை தரமுடியும் என்றும் அதே அறிக்கையில் சொல்லியிருக்கிறார். ஸ்காட்லாந்தில் கிளாஸ்கோவின் ஐப்ராக்ஸ் மைதானத்தில் இருக்கைக்கு 6 பவுண்டு, நிற்பதற்கு 4 பவுண்டு என்று உதாரணமும் காட்டினார். கிளப்புகள் முதல் பாதியை மட்டும் எடுத்துக்கொண்டன. 2024-இல் மான்செஸ்டர் யுனைடெட் சீசன் நடுவிலேயே ஓர் ஆட்டத்துக்கான உறுப்பினர் டிக்கெட்டை 66 பவுண்டு ஆக்கி, குழந்தைகளுக்கும் முதியவர்களுக்கும் சலுகையே இல்லை என்றது. அதே வருடம் டாட்டன்ஹாம் முதியோர் சலுகையைக் குறைக்கப்போவதாக அறிவித்தது. வாழ்நாள் முழுக்க வந்தவர் வயதான பிறகு அவரிடம் முழு விலை கேட்பதை என்னால் ஏற்கவே முடியவில்லை.

வேறு வழி இல்லை என்று சொல்லாதீர்கள். ஜெர்மனியில் பெரும்பாலான கிளப்புகளில் 50+1 விதிப்படி, பாதிக்கு மேற்பட்ட வாக்கு உறுப்பினர்களிடம் இருக்கிறது. அங்குள்ள டார்ட்மண்ட் கிளப்பின் தெற்கு ஸ்டாண்டில் ஏறக்குறைய 25,000 பேர் நின்று பார்க்கிறார்கள். அங்கும் விலை ஏறாமல் இல்லை. ஆனால் ஏறினால் கேட்பார்கள். 2016 பிப்ரவரியிலேயே ஸ்டுட்கார்ட்டில் நடந்த கோப்பை ஆட்டத்தில், டிக்கெட் விலையைக் கண்டித்து டார்ட்மண்ட் ரசிகர்கள் மைதானத்துக்குள் டென்னிஸ் பந்துகளை வீசினார்கள்.

கேள்விக்குச் சம்பந்தம் இல்லாவிட்டாலும் இதைச் சொல்லிவிடுகிறேன், மனதில் வெகுநாளாக இருக்கிறது. எங்கள் மைதானத்தை ஒவ்வொரு கோடையிலும் பொருட்காட்சிக்கு வாடகைக்கு விடுகிறார்கள். ராட்டினம் நிறுத்தத் தோண்டிய குழிகளை யாரும் மூடுவதில்லை. கொட்டகை அடித்த ஆணிகளைப் பொறுக்குவதில்லை. நாங்கள் வண்டல் மண் கொண்டுவந்து குழி குழியாக நிரப்பியிருக்கிறோம். ஒரு வருடம் ஒரு குழி கண்ணில் படாமல் தப்பிவிட்டது. பதினாறு வயதுப் பையன், நல்ல கோல்கீப்பர், அதில் கால் மடங்கிக் கணுக்கால் முறிந்தது. வாடகை வாங்கியவர்கள் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. மைதானத்தைக் காசாகப் பார்ப்பவர்களுக்கு அதில் ஓடும் கால்கள் தெரிவதே இல்லை.

2016 கூட்டத்தில் நான் லிவர்பூல் கதையைச் சொல்லி, அட்டையைப் பழையபடி 150 ஆக்கலாம் என்றேன். போன வருடம் ஏற்றச் சொன்னவனும் நீதானே என்று கேட்டார்கள். என்னிடம் பதில் இல்லை. விலை 400 ஆகவே இருந்தது, 130 அட்டை விற்றது, வந்தது 52,000. 2017-இல் 200 ஆகக் குறைத்தோம். 220 பேர் வாங்கினார்கள். 2014-இல் இருந்த 400 என்ற எண்ணிக்கை திரும்பவே இல்லை.

அந்த வருடம் முதல் அட்டையை நானே எடுத்துக்கொண்டு மாமா வீட்டுக்குப் போனேன். திண்ணைச் சுவரில் வளைத்த கம்பி ஒன்றில் மின் கட்டண ரசீதுகளைக் கோத்து மாட்டியிருந்தார். இடையிடையே எங்கள் மஞ்சள் அட்டைகள், ஓட்டை போட்ட பன்னிரண்டு கட்டங்களோடு. 2014-க்குப் பிறகு ரசீதுகள் மட்டும்தான் இருந்தன. அட்டையைக் கையில் வாங்கிப் பார்த்தார். பணம் வேண்டாம் என்றேன். அதுதான் அவருக்குப் பிடிக்கவில்லை என்று நினைக்கிறேன்.

"காசு இல்லாமல் இல்லை மாப்பிள்ளை. பழக்கம் விட்டுப்போய்விட்டது" என்று சொல்லி அட்டையைத் திருப்பிக் கொடுத்தார். பேரன் எங்கே என்று கேட்டேன். திருப்பூருக்கு வேலைக்குப் போய்விட்டான் என்றார்.